கனூவும் கூடாரமும்: கொழும்பிலிருந்து முதன்முறை ஆற்றுப் பயணம் போகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாங்கள் எட்டுப் பேர் வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் கூடுவோம். ரயில் கடலோரமாகவே ஓடி அளுத்கமவில் இறக்கிவிடும். அங்கிருந்து பெந்தோட்டை ஆற்றில் கனூ எனும் திறந்த துடுப்புப் படகுகள் நான்கில் மேல்நோக்கி வலித்துப் போய், தெரிந்த ஒருவருடைய தென்னந்தோப்பில் கூடாரமடித்து ஓர் இரவு தங்கி, ஞாயிறு மத்தியானம் கீழே வந்து சேருவோம். பயணம் இவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றரை நாளை நினைத்தே மீதி மாதங்களைக் கடக்கிறேன் என்பதை மறைக்க மாட்டேன்.

தாங்களும் போக வேண்டும் என்று அலுவலகத்திலும் உறவிலும் பலர் வழி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு விதி. உங்கள் குழுவில் தண்ணீருக்கு அதிகம் பயப்படுகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். எந்த ஆறு, எவ்வளவு தூரம், யாரோடு யார், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பதையெல்லாம் அவரை வைத்தே முடிவு செய்யுங்கள். எங்களுக்குள் அப்படி ஒருவன் இருந்தான். சாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று சோதிடர் சொன்னதால் கிணற்றடிக்குக்கூட அவனை அம்மா தனியே விட்டதில்லை. முப்பது வயதுவரை நீச்சல் தெரியாது. முதலாம் ஆண்டு அவனைக் கேட்காமலே தூரத்தைக் குறித்துவிட்டோம். இரண்டாம் நாள் காலையில் அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்; துடுப்பு அவன் காலடியில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு நாங்கள் வகுத்துக்கொண்ட விதி இது. இன்றுவரை மீறவில்லை.

நாள் குறித்தல்

மேற்குக் கரை ஆறுகளுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. சோளகக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் வரையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை வானம் பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடியும் மின்னலும் வந்துவிடும். புதியவர்கள் அந்த மாதங்களில் ஆற்றுக்கு வர வேண்டாம்.

எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடாதீர்கள். அப்படி ஒரு நாள் கிடையாது. நாளைத் தேடித் தேடியே நின்றுபோன பயணங்களை நான் அறிவேன். எங்களுக்குப் பெப்ரவரி இரண்டாம் சனி என்பது கோயில் கொடியேற்றம் போல நிலையான நாள். சிவராத்திரியோ போயாவோ குறுக்கிட்டால் மட்டும் அடுத்த கிழமைக்குத் தள்ளுவோம். போயாவோடு ஒட்டிய நீண்ட விடுமுறைகளில் ரயிலில் நிற்க இடமிருக்காது, ஆற்றில் இயந்திரப் படகுகளின் அலை ஓயாது.

பணத்துக்குச் சீட்டு முறைதான் சரி. மாதாமாதம் ஆளுக்கொரு சிறு தொகையை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பெப்ரவரியில் ஒரேயடியாகக் கேட்டால் வீட்டு வாடகையும் பிள்ளையின் டியூஷன் காசும் முன்னால் வந்து நிற்கும். வர ஆசைப்பட்டவரும் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார். நண்பர்களுக்குள் அப்படி ஒருவரும் விடுபடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆறு தெரிவு செய்தல்

முதலாண்டுக்குப் பெந்தோட்டை ஆற்றைச் சொல்வேன். கொழும்பிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர். மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லையாக ஓடுவது இந்த ஆறுதான். கீழ்ப்பகுதியில் ஓட்டம் மிக மெதுவானது. இரு கரையிலும் கண்டற் காடு. ஏதாவது நேர்ந்தால் சற்றுத் தூரத்திலேயே ஊரும் வீதியும் இருக்கின்றன. நீர்விளையாட்டு நிலையங்களில் கயாக் எளிதாக வாடகைக்குக் கிடைக்கும். கனூ வேண்டுமென்றால் சில கிழமைகளுக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்களுக்கு: கயாக்கை இரு முனையிலும் தகடுள்ள துடுப்பால் வலிப்போம். கனூ மேற்புறம் திறந்த படகு. துடுப்பின் ஒரு முனையில்தான் தகடு இருக்கும். கூடாரம், சமையல் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதற்குக் கனூதான் உகந்தது. நம் ஊர்த் தோணிக்கு அது நெருங்கிய உறவு. தோணியில் ஏறிப் பழகியவர்களுக்கு அதன் ஆட்டம் புதிதாக இருக்காது.

பெந்தோட்டையில் ஓர் எல்லைக் கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரயில் பாலத்துக்கும் வீதிப் பாலத்துக்கும் கடற்பக்கம் போகவே வேண்டாம். நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை நோக்கி ஓட்டம் இழுக்கும். விளையாட்டுப் படகுகளும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். பாலங்களுக்கு உட்பக்கம் இறங்கி, மேல்நோக்கிப் போங்கள்.

ஒரு நாள் மட்டும்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு நீர்கொழும்புப் பக்கம் நல்லது. ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தை ஒட்டி நேராக ஓடுகிறது. நேரான கால்வாயில் வழி தவற இடமில்லை. பலப்பிட்டிக்கு அருகிலுள்ள மாது கங்கையும் அழகானது. 2003இல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சுற்றுலாப் படகுகளின் இரைச்சல் அங்கே அதிகம். போவதானால் விடிந்தவுடன் போய்விட வேண்டும்.

களனி ஆற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பின் குழாய்நீரில் பெரும் பங்கு அம்பத்தளையில் அந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. நம் வீட்டுக் குடத்தில் இருப்பதும் களனிதான். அதில் போக வேண்டும் என்ற ஆசை இயல்பாகவே வரும். ஆனால் கித்துல்கலப் பகுதியில் பாறைகளில் மோதி நுரைத்தோடும் வெள்ளைநீர் புதியவர்கள் தாங்களாகக் கனூ வலிக்கும் இடமில்லை. அங்கே வழிகாட்டியோடு ரப்பர் படகில் போகலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. அந்த இரண்டிலும் நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் வரிசையாக இருக்கின்றன. மழையே இல்லாத நாளிலும் நீரைத் திறந்துவிட்டால் ஆறு சட்டென்று உயரும். மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் கூடாரம் போடக் கூடாது. எங்கள் குழு நான்கு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகுதான் களனியின் கீழ்ப்பகுதியில் இறங்கியது. அதுவும் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்ட அறிக்கையை மூன்று நாள் தொடர்ந்து பார்த்த பிறகு.

ஒரு ஞாயிறு முழுவதும் பயிற்சி

பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மொரட்டுவைக்கு அருகிலுள்ள பொல்கொடை ஏரி வசதியானது. இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களை நாங்கள் பயணத்தில் சேர்ப்பதில்லை. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஆற்றில் நடக்கும் அத்தனை விபரீதத்தையும் அந்த ஒரு நாளில் இடுப்பளவு நீரில் வைத்து எதிர்கொண்டு விடலாம்.

முதலில் உயிர்காப்பு அங்கி. போட்டு, பட்டிகளை இறுக்கி, பக்கத்திலிருப்பவர் தோள்ப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரியது, மாற்றுங்கள். நீச்சல் தெரிந்தவர்களும் கழற்றக் கூடாது. வெயில் என்று சொல்லி நன்றாக நீந்துகிறவர்தான் முதலில் கழற்றுவார். அவரைப் பார்த்து அடுத்தவரும் கழற்றுவார். அங்கி ஒவ்வொன்றிலும் ஒரு விசில் கட்டிவிடுங்கள். மூன்று தடவை ஊதினால் ஆபத்து என்று பொருள்.

பிறகு படகில் ஏறுதல். கவிழ்வதில் பாதி கரையிலேயே நடக்கிறது. ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் உடலைத் தாழ்த்தி, இரு விளிம்பிலும் கை வைத்து, படகின் நடுக்கோட்டில் காலை வைக்க வேண்டும். விளிம்பை மிதித்தால் அது உங்களைத் தண்ணீருக்குள் கொட்டிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். படகுக்குள் எழுந்து நிற்பது, ஒரே நேரத்தில் இருவர் ஒரே பக்கம் சாய்வது இரண்டும் வேண்டாம். அலை வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி முழந்தாளில் இருங்கள். பாரம் தாழ்ந்தால் ஆட்டம் குறையும்.

துடுப்பு நிமிர்த்தி நிறுத்தும்போது நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். மேற்கை துடுப்பின் தலையை மூடிப் பிடிக்கட்டும், கீழ்க்கை தகட்டுக்குச் சற்று மேலே. கையால் இழுத்தால் அரை மணி நேரத்தில் தோள் விண்விண்ணென்று வலிக்கும். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, துடுப்பை முன்னால் குத்தி, உடல் திரும்பும் விசையில் இழுக்க வேண்டும். இடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுப்பது வீண் உழைப்பு.

படகைத் திருப்புவது பின்னால் இருப்பவரின் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் கொடுப்பார். வலப்பக்கம் வலிக்க வலிக்கப் படகு இடப்பக்கம் ஓடும். அதைத் திருத்த ஒரு நுட்பம் உண்டு. இழுப்பின் முடிவில் மேற்கையின் பெருவிரல் கீழ்நோக்கிப் பார்க்கும்படி துடுப்பை முறுக்கி, தகட்டால் நீரை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் வராது. படகு பாம்பு போல வளைந்து வளைந்துதான் போகும். பரவாயில்லை. ஒரு கட்டத்தில் கைக்குத் தானாகப் புரியும். படகு கோடு போட்டாற்போல் நேராக ஓடும். அந்தக் கணத்தில் முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நான் பழக்கிய ஒவ்வொருவரிடமும் இதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, வேண்டுமென்றே கவிழுங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறையாவது. கவிழ்ந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஆள், அடுத்தது படகு, பைகள் கடைசி. படகை விடக் கூடாது. அது மிதக்கும், உங்களையும் தாங்கும். ஓட்டமுள்ள நீரில் படகுக்கு மேலோட்டப் பக்கம் இருங்கள். கீழோட்டப் பக்கம் இருந்தால் நீர் நிரம்பிய படகு உங்களைப் பாறையோடு நெரித்துவிடும். தனியாக அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால்களைக் கீழோட்டம் நோக்கி நீட்டி, மிதந்தபடி கரையை நாடுங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் கற்களுக்கிடையில் சிக்கினால் ஓட்டம் உடலை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். விழுந்து கிடக்கும் மரங்களுக்கும் தூர விலகிப் போங்கள். நீர் கிளைகளுக்கிடையே புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

படகை மீட்பதையும் பழகுங்கள். கவிழ்ந்த கனூவைக் குப்புறக் கிடந்தபடியே, இன்னொரு கனூவின் குறுக்கே இழுத்து ஏற்ற வேண்டும். நீர் வடிந்ததும் அங்கேயே நிமிர்த்தி, மறுபடி நீரில் நழுவவிட வேண்டும். பிறகு இரண்டு படகையும் பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டால் விழுந்தவர் ஏறிவிடலாம். நான் முன்பு சொன்ன நண்பன் மறுவருடப் பயிற்சியில் முதல் தடவை கவிழ்ந்தபோது என் கையை விடவே இல்லை; ஐந்து விரலின் தடமும் மாலைவரை சிவந்திருந்தது. மூன்றாம் தடவை, “அண்ணா, கையை விடுங்கள், நானே படகைப் பிடிக்கிறேன்” என்றான்.

ஜோடி பிரிக்கும்போது பயந்தவரையும் பழக்கமுள்ளவரையும் சேருங்கள். கணவன் மனைவியை ஒரே படகில் ஏற்றுவதற்கு முன்பு இருவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமான்

புறக்கோட்டைக்கு ஒரு காலை போனால் கயிறு, தறப்பாள், திருகுமூடி வைத்த பிளாஸ்டிக் பீப்பாய் எல்லாம் வாங்கிவிடலாம். நனையாத விலையுயர்ந்த பைகள் கட்டாயமில்லை. பொருளைத் தடித்த பொலித்தீன் பை இரண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, பீப்பாய்க்குள் வையுங்கள். பீப்பாயின் மூடியை வீட்டுத் தொட்டியில் அமுக்கிச் சோதித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஓராண்டு நாங்கள் சோதிக்கவில்லை. எட்டுப் பேருக்கான அரிசி இரவு பார்த்தபோது ஊறிப் பொங்கியிருந்தது.

எட்டுப் பேருக்கு இரண்டு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 60 லீற்றர் தண்ணீர் தேவை. 5 லீற்றர்ப் போத்தல்களாக எடுங்கள், படகுக்கு மூன்று. பாரத்தைச் சரிசமமாகப் பிரிப்பது அப்படி எளிது. கனமானவை படகின் நடுவில், அடியில் இருக்க வேண்டும். பைகளைப் படகோடு கட்டுங்கள், ஆனால் கயிற்று முனைகளைத் தொங்கவிடாதீர்கள். கவிழும்போது காலில் சுற்றும்.

உடுப்பைப் பொறுத்தவரை ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், இரண்டு நாளும் காயாது. விரைவில் காயும் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, தொப்பி, காலோடு ஒட்டிய பட்டிச் செருப்பு போதும். இரவுக்குச் சாரம் ஒன்று. உடை மாற்ற மறைப்பு, போர்வை, தலையணை எல்லாம் அதுவே. டோர்ச் ஆளுக்கொன்று, மேலதிக பற்றரியும் வேண்டும். நுளம்புச் சுருள், நுளம்பெண்ணெய், முதலுதவிப் பெட்டி, அவரவர் வழக்கமாக எடுக்கும் மருந்து. தேசிய அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி உடலோடு வைத்திருங்கள், படகில் வைக்காதீர்கள்.

சாப்பாடு

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நூடுல்ஸ் பக்கெட்டோடு பயணத்தை முடித்துவிடக் கூடாது. உடல் களைத்த பிறகு ஆற்றங்கரையில் சாப்பிடும் சோற்றின் ருசி வேறு.

சனி மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து சோற்றுப் பொதி. வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டினால் கிழியாது. தேங்காய்ப்பால் விட்ட கறி எதையும் வைக்காதீர்கள். வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். உருளைக்கிழங்குப் பிரட்டல், கருவாட்டுப் பொரியல், அவித்த முட்டை, பொரித்த மோர்மிளகாய் இவை தாங்கும். இரவுக்குப் பச்சையரிசியும் பருப்பும் ஒரே பானையில்; பக்கத்தில் டின்மீனைச் செத்தல் மிளகாய், வெங்காயம், பழப்புளியோடு ஒரு பிரட்டு. பச்சை முட்டையை அரிசிக்குள் புதைத்துக் கொண்டுபோனால் உடையாது. ஞாயிறு காலை பாணும் சீனிச் சம்பலும். வழியில் கொறிக்கக் கச்சானும் பேரீச்சம்பழமும்.

அடுப்பு வாயு அடுப்பாக இருக்கட்டும். கண்டல் மரத்தின் ஒரு கிளையையும் விறகுக்காக ஒடிக்காதீர்கள். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளருவது அதன் வேர்களுக்கிடையில்தான். அந்த ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவர்களின் சோறு அது.

சாராயத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். படகில் கால் வைக்கும் முன்பும், படகில் இருக்கும்போதும் ஒரு துளியும் கூடாது. இரவில் குடித்தவர் காலையில் தெளிவாக இல்லையென்றால் அவர் வீதிவழியாகத்தான் திரும்புவார். இதற்கு உடன்படாதவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் அழைக்காதீர்கள்.

ஆற்றில் இரண்டு நாள்

நேரத்தைக் காற்று தீர்மானிக்கும். காலையில் ஆறு கண்ணாடி போல் இருக்கும். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து நிலத்தை நோக்கி வீசத் தொடங்கும். ஆகவே முதல் நாள் மேல்நோக்கிப் போனால் பிற்பகல் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். இரண்டாம் நாள் அந்தக் காற்று எழுவதற்கு முன்பு கீழே வந்துவிட வேண்டும். எட்டு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள் பத்தரைக்குப் புறப்பட்டால் கடைசி இரண்டு கிலோமீற்றரும் எதிர்காற்றில் அழ வைக்கும்.

புதியவர்கள் மணிக்கு மூன்று கிலோமீற்றர்தான் போவார்கள் என்று கணக்கு வையுங்கள். முதலாண்டு ஒரு நாளைக்கு எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். பழக்கமுள்ள ஒரு ஜோடி முன்னால், இன்னொரு ஜோடி கடைசியில், நடுவில் மற்றவர்கள். முன்படகு அடிக்கடி திரும்பிப் பார்த்து, பின்படகு கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கரை ஒதுங்கித் தண்ணீர் குடியுங்கள்.

தண்ணீரில் முடிவெடுக்க ஒருவர்தான் இருக்க வேண்டும். ஆனால் எட்டுப் பேரில் எவர் ஒருவர் “வேண்டாம்” என்றாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும். காரணம் கேட்டு வாதாடக் கூடாது. இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். தனி மரத்தின் கீழே ஒதுங்கவும் கூடாது.

முதலைகளைப் பற்றி ஊரவரிடம் கேளுங்கள். இந்த ஆறுகளின் கீழ்ப்பகுதியில் உவர்நீர் முதலைகள் உண்டு. “கிம்புலோ இன்னவாத?” (முதலைகள் இருக்கின்றனவா?) என்ற சிங்கள வாக்கியத்தை எட்டுப் பேரும் மனப்பாடம் செய்துவிடுங்கள். வலை வீசுகிறவர், துணி துவைக்கிறவர் எல்லோரையும் கேளுங்கள். எந்தத் திருப்பத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் வெயில் காயும் என்றுகூடச் சொல்வார்கள். கண்டற் காட்டின் நிழலுக்குள் கை காலைத் தொங்கவிட்டபடி போகாதீர்கள். மாலைக்குப் பிறகு நீரில் இறங்க வேண்டாம். மீன் கழுவிய நீரையும் எஞ்சிய சோற்றையும் கரையோரம் கொட்டக் கூடாது.

கரையில் இரவு

இடத்தை முன்பே பேசி வையுங்கள். ஆற்றங்கரை நிலம் எல்லாமே யாருடையதாவதுதான். பயிற்சி ஞாயிறு போலவே இன்னொரு நாள் இருவர் நேரில் போய், நில உரிமையாளரைக் கண்டு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம், எப்போது போவோம் என்று சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து வாருங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லிவிட்டால் நல்லது. இருட்டிய பிறகு எட்டு அந்நியர் ஆற்றோரம் விளக்கோடு நடமாடினால் ஊர் பயப்படும். அந்தப் பயத்தை முன்கூட்டியே நீக்குவது நம் கடமை. எங்களுக்கு இடம் தரும் ஐயாவின் வீட்டுக்கு ஆண்டுதோறும் நல்லெண்ணெயும் பனங்கட்டியும் கொண்டுபோகிறோம். அவர் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார். ஆற்றங்கரைப் பயணத்தில் இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அந்த வசதி கிடைக்காத இடத்தில், நீரிலிருந்து 60 மீற்றராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள்.

நான்கு மணிக்குள் கரையேறிவிடுங்கள். பெப்ரவரியில் ஆறு இருபது அளவில் சூரியன் மறையும். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. நம் நாட்டில் அந்தி நீளாது. வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் நிமிர்ந்து, அரிசி உலையில் விழ வேண்டும்.

தென்னந்தோப்பில் கூடாரம் போடுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். குலைக்கு நேர் கீழே ஒருபோதும் போடாதீர்கள். காய்ந்த மட்டைகூடக் கூடாரத்தைக் கிழித்துவிடும். மரங்களுக்கு நடுவே வெறும் வானம் தெரியும் இடமாகப் பார்த்து, தரையைத் தட்டிப் புற்று, எறும்புக்கூடு இல்லையென்று தெரிந்தபின் தறப்பாளை விரியுங்கள். தறப்பாளின் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை உள்ளே ஏந்திக் கொடுத்துவிடும், உள்ளே மடித்துவிடுங்கள். மேலே இன்னொரு தறப்பாளைச் சாய்வாகக் கட்டுங்கள். படகுகளை நன்றாக மேலே இழுத்துக் குப்புறப் போட்டு, மரத்தோடு கட்டி, துடுப்புகளை அடியில் வையுங்கள்.

படுக்கும் முன்பு ஆட்களை எண்ணுங்கள். இரவில் வெளியே போகிறவர் டோர்ச்சோடு, இன்னொருவரை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இந்தப் பகுதிக்குப் பலப்பிட்டி வைத்தியசாலையும் களுத்துறை நாகொடை வைத்தியசாலையும் இருக்கின்றன. 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இந்த மூன்று எண்களையும், போகும் வழியையும், திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் பொலிஸாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்தத் தாள் எவ்வளவு ஆறுதல் என்பதை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மா அதைச் சாமியறையில் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் எழுந்து வெறுந்தேநீர் போட வேண்டும். இதற்கு நாங்கள் முறை வைத்திருக்கிறோம். ஆற்றின்மேல் புகை போல மூடுபனி அசையும். மறுகரையில் வலைக்காரர் ஒருவரின் துடுப்புப் படகில் தட்டும் ஓசை மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. பனங்கட்டியைப் பல்லில் கடித்தபடி சுடச்சுடத் தேநீரைக் குடித்துக்கொண்டு யாரும் பேசாமல் இருப்போம். கொழும்பில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கூடாரம் கழற்றிய இடத்தை வரிசையாக நடந்து பார்த்து, கொண்டுவந்த குப்பை அத்தனையையும் படகிலேற்றுங்கள். நம்முடையதல்லாத ஒரு பை குப்பையையும் சேர்த்து எடுங்கள்.

திரும்பிய பிறகு

பயணம் முடிந்த இரண்டு மூன்று கிழமைக்குள் எவருக்காவது காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், வைத்தியரிடம் முதல் வார்த்தையாக “ஆற்றில் இறங்கியிருந்தேன்” என்று சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் நன்னீரிலும் சேற்றிலும் புண் வழியாகத் தொற்றும். நேரத்தோடு மருந்து எடுத்தால் குணமாகும், தாமதித்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். காலில் வெட்டுக் காயம் உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டெங்கும் இருக்கும் ஊர் நம்முடையது, ஆகவே காய்ச்சலை வீட்டில் வைத்திருந்து பார்க்க வேண்டாம்.

கணக்கை அன்றிரவே வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். மிச்சப் பணம் அடுத்த ஆண்டுச் சீட்டின் முதல் தவணை. அடுத்த பெப்ரவரியின் நாளையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

கூடாரங்களை மறுநாளே மொட்டை மாடியில் விரித்துக் காயப்போடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டி வைத்தால் ஒரு கிழமையில் கரும்பூஞ்சை பிடித்துவிடும். பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. காய்ந்த பிறகு சுருட்டும்போது முளைகளை எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டாவது குறையும். குறைந்ததை ஒரு துண்டில் எழுதிக் கூடாரப் பைக்குள் போட்டு வைத்தால், அடுத்த தடவை புறக்கோட்டைக்குப் போகிறவர் அதைப் பார்த்து வாங்கி வருவார்.